தானாக இறங்கும்வரை

பிண்டாரா நகரசபையில் கோலாக்களைக் காப்பாற்றுவதற்கென்றே தனிப் பிரிவு ஒன்று இருந்தது. அதற்கு ஒரு முழு மாடி, ஒரு காப்பி இயந்திரம், கதவில் கோலா படம் போட்ட கார்கள், ஆண்டுதோறும் வெளியாகும் வழவழப்பான அறிக்கை எல்லாம் உண்டு. பிரிவு ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே வந்தது. கோலாக்கள்தான் குறைந்துகொண்டே வந்தன. இதில் முரண்பாடு எதுவும் இல்லை என்று அறிக்கையில் விளக்கப்பட்டிருந்தது. கோலாக்கள் குறையக் குறைய அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பு கூடுகிறது. பொறுப்பு கூடினால் ஆளும் கூட வேண்டியதுதானே.

இந்தப் பிரிவின் கோலா பாதுகாப்பு அலுவலர் ஹெட்லி குவில். ஐம்பதைத் தாண்டியவர். அரைக்கால் சட்டையும் முழங்கால்வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறையுமாக அலுவலகம் வருவார். யாரையும் கடிந்து பேச மாட்டார். தப்பித் தவறிப் பேசிவிட்டால் பேசி முடித்ததும் மன்னிப்புக் கேட்டுவிடுவார். இந்த வேலையில் தலை நரைத்தும் அவர் ஒரு கோலாவைக்கூடக் காட்டில் நேரில் பார்த்ததில்லை. வரைபடத்தில் பார்த்திருக்கிறார். வரைபடத்தில் கோலா இருக்கும் இடம் பச்சை, இல்லாத இடம் வெள்ளை. ஒவ்வொரு தடவை வரைபடம் திருத்தப்படும்போதும் பச்சை கொஞ்சம் சுருங்கும், ஹெட்லி ஒரு பெருமூச்சு விடுவார். அறிக்கையில் பெருமூச்சுக்கென்று இடம் ஒதுக்கப்படவில்லை.

பிண்டாராவில் வீட்டுமனைக்குப் பெயர் வைப்பதில் ஒரு மரபு உண்டு. எதை விரட்டிவிட்டு மனை போட்டார்களோ அதன் பெயரையே மனைக்கு வைப்பார்கள். வாலபி என்ற குட்டிக் கங்காருகள் மேய்ந்த புல்வெளியில் 'வாலபி மெடோஸ்'. பிளாட்டிபஸ் என்ற வாத்துமூக்குப் பிராணி நீந்திய ஓடையைக் குழாய்க்குள் அனுப்பிவிட்டு 'பிளாட்டிபஸ் வாட்டர்ஸ்'. ஏரியைத் தூர்த்து ஏரிக்கரை நகர் கட்டிய நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செத்த தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல இதுவும் ஒரு மரியாதைதான். ஆகவே கிளைவ் ராடிச் என்ற மனை வியாபாரி ஸ்கிரப்பி குன்றின் தைலமரக் காட்டை வாங்கி, முகப்பில் 'கோலா ரிட்ஜ்' என்று பலகை வைத்ததுமே ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அங்கே கோலா இருக்கிறது. ரொம்ப நாள் இருக்காது.

அனுமதி கொடுக்கும் முன் இடத்தைப் பார்வையிட ஹெட்லி போனார். வரைபடத்தில் ஸ்கிரப்பி குன்று வெள்ளை. எனவே பார்வையிடுவது ஒரு சம்பிரதாயம். போய் நின்று, வெள்ளைதான் என்று உறுதி செய்துகொண்டு திரும்ப வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. குன்றின் உச்சியில் இருந்த பெரிய தைலமரத்தடியில் உட்கார்ந்து, பீட்ரூட் வைத்த சாண்ட்விச்சைப் பிரித்தார். முதல் வாய் கடிக்கும்போது தொப்பியின் மேல் ஏதோ விழுந்தது. எடுத்துப் பார்த்தார். பேரீச்சங்கொட்டை அளவில் ஒரு புழுக்கை. முகர்ந்தார். தைல வாசனை அடித்தது.

அண்ணாந்தார். கிளைக் கவட்டில் சாம்பல் நிறத்தில் ஒருத்தி சாய்ந்திருந்தாள். அவள் முதுகைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. இரண்டும் நல்ல தூக்கத்தில் இருந்தன.

ஹெட்லிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடமாக யாரைக் காப்பாற்றிச் சம்பளம் வாங்கினாரோ, அவரை இன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார். அவர் தூங்கிக்கொண்டிருந்தது ஹெட்லிக்குச் சௌகரியமாகப் போயிற்று. விழித்திருந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்திருக்கும். இந்த ஒரு தாயும் பிள்ளையும் சாகக் கூடாது என்று ஹெட்லி அந்த மரத்தடியிலேயே முடிவு செய்தார். அதுவரை அவர் தானாக எடுத்த முடிவுகள் மிகக் குறைவு.

அந்த நேரத்தில் சேறே கண்டிராத பெரிய வண்டி ஒன்றில் கிளைவ் வந்து இறங்கினார்.

"என்ன மாப்ளே, மேலயே பாத்துட்டு இருக்க?"

"கிளைவ், மேல கோலா இருக்கு. குட்டியோட."

கிளைவ் அண்ணாந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, நெஜமாவே இருக்கா? போர்டு வெக்கறப்போ சும்மாதான் வெச்சேன். எவ்வளவு அழகா இருக்கு பாரு. போட்டோ எடுத்து விளம்பரத்துல போட்ருவோம்."

"இந்த மரத்த வெட்ட முடியாது, கிளைவ். மன்னிச்சுக்கோங்க."

"யாரு வெட்டறேன்னாங்க? சட்டம் எனக்குத் தெரியாதா? கோலா இருக்கற மரத்தத் தொடக் கூடாது, அது தானா இறங்கிப் போகணும். நான் காத்திருப்பேன் மாப்ளே. கோலான்னா எனக்கு உசுரு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால், பாவம் ஓநாய்க்கு மனசு கேட்கவில்லை என்று நினைக்கிற சுபாவம் ஹெட்லிக்கு. அவர் கிளைவுக்கு நன்றி சொன்னார்.

பிண்டாராவின் விதி இந்த விஷயத்தில் மிகத் தெளிவாகவே இருந்தது. கோலா அமர்ந்திருக்கும் மரத்தை வெட்டக் கூடாது. அந்த மரத்தின் நிழல் விழும் எல்லைக்குள் எந்த வண்டியும் இயந்திரமும் நிற்கக் கூடாது. மேற்படி கோலா தன் சுயவிருப்பத்தின் பேரில் இறங்கிச் செல்லும்வரை அனைவரும் காத்திருக்க வேண்டும். கோலாவின் சுயவிருப்பத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்த விதி, சுற்றியிருக்கும் மற்ற மரங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த மரங்கள் இல்லாவிட்டால் தாயும் பிள்ளையும் எதைத் தின்னும் என்பதுதான் ஹெட்லியின் கவலை. ஒரு கோலாவுக்கு ஒரு மரம் போதாது என்று அவருடைய அறிக்கையிலேயே போட்டிருந்தது.

அவர் நேரே நகர அமைப்பு இயக்குநர் பெர்னீஸ் ஓடனிடம் போனார். பெர்னீஸ் சின்ன வயதிலேயே மேலே வந்தவர். இப்போது உட்கார்ந்து வேலை பார்ப்பது உடம்புக்கு ஆகாது என்று ஒரு மோஸ்தர் கிளம்பியிருந்ததால், அவருடைய மேசைக்கு அடியில் ஒரு நடைப்பட்டை ஓடிக்கொண்டிருக்கும். நாள் முழுக்க அதன் மேல் நடப்பார். எங்கும் போய்ச் சேர மாட்டார்.

"ஸ்கிரப்பி குன்று வெள்ளையாச்சே, ஹெட்லி," என்றார் நடந்துகொண்டே.

"ஆமா. ஆனா அங்க கோலா இருக்கு."

"வெள்ளையில கோலா இருக்காது."

"நான் என் கண்ணால பாத்தேன், பெர்னீஸ்."

"நீங்க பாத்தத நான் மறுக்கவே இல்ல. உங்க அனுபவத்த மதிக்கிறேன். ஆனா கோலான்னா பச்சையிலதான இருக்கணும்? அது வெள்ளைக்கு வந்திருக்குன்னா தப்பு எங்க இருக்கு?"

ஹெட்லி யோசித்தார். "கோலாகிட்டயா?"

"நான் யார் மேலயும் பழி போடல. நான் கேக்கறது ஒண்ணுதான். அது அங்க குடியிருக்கா, இல்ல வந்துட்டுப் போகுதா? குடியிருந்தா நம்ம பொறுப்பு. வந்துட்டுப் போறதுன்னா அது சுற்றுலா. அதுக்கு வேற துறை இருக்கு."

"குடியிருக்குன்னு எப்படிக் காட்டறது?"

"எச்ச ஆதாரம்," என்றார் பெர்னீஸ். எவ்வளவு கௌரவமாகச் சொன்னாலும் அது புழுக்கைதான்.

மறுநாளிலிருந்து ஹெட்லி ஸ்கிரப்பி குன்றில் முட்டி போட்டுத் தவழ ஆரம்பித்தார். வெள்ளைக் காலுறை மண் நிறமாயிற்று. விதிப்படி பழைய புழுக்கை தனி, புதுப் புழுக்கை தனி, குட்டியின் புழுக்கை தனி. வந்துபோகிறவர்கள் இவ்வளவு போட மாட்டார்கள், இது நிரந்தரக் குடியிருப்பாளரின் கைவரிசைதான் என்று எவரும் ஒப்புக்கொள்ளும் அளவுக்குச் சேர்ந்ததும், மூட்டையைக் கொண்டுபோய் பெர்னீஸின் மேசைமேல் வைத்தார். நடைப்பட்டை முதல் தடவையாக நின்றது.

"போதும் ஹெட்லி. ஒத்துக்கறேன். குடியிருக்கு."

வரைபடம் திருத்தப்பட்டது. வெள்ளைக்கு நடுவில் ஒரு பச்சைப் புள்ளி. பிண்டாராவின் வரலாற்றில் வெள்ளை இடம் பச்சையானது இதுவே முதல் தடவை. பிரிவில் எல்லாரும் கைகொடுத்தார்கள். தேங்காய்த் துருவல் தூவிய லாமிங்டன் கேக் வெட்டினார்கள். ஹெட்லி வெட்கத்தோடு ஒரு துண்டு தின்றுகொண்டிருக்கும்போது பெர்னீஸ் பக்கத்தில் வந்தார்.

"இப்போ அது முறையான குடியிருப்பாளர், இல்லையா?"

"ஆமா, பெர்னீஸ்."

"குடியிருக்கறவங்களுக்கு உரிமைன்னு ஒண்ணு இருக்கு."

"நிச்சயமா இருக்கு," என்றார் ஹெட்லி. கேக் இனித்தது.

"பக்கத்துல கட்டடம் வருதுன்னா அவங்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்கணும். ஆட்சேபணை இருந்தா எழுத்துல சொல்லச் சொல்லிக் கேக்கணும். அது அவங்க உரிமை. நாம மறுக்க முடியாது."

ஹெட்லி மிச்சத் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அறிவிப்பு தயாராயிற்று. 'இதனால் சகலருக்கும், விசேஷமாக மேற்படி மரத்தில் வசிப்பவருக்கும் அறிவிப்பது யாதெனில், தங்கள் இருப்பிடத்தைச் சூழ்ந்துள்ள மரங்களை அகற்ற விண்ணப்பம் பெறப்பட்டுள்ளது. ஆட்சேபணை ஏதும் இருப்பின் உரிய காலத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். தெரிவிக்கத் தவறினால் சம்மதம் என்றே கொள்ளப்படும்.' அறிவிப்பை வசிப்பவரின் கண் மட்டத்தில் ஒட்ட வேண்டும் என்பது விதி. வசிப்பவரின் கண் ஐந்தாவது கிளையில் இருந்தது. நிழலுக்குள் வண்டி வரக் கூடாது என்பதும் விதி. ஆகவே ஏணி வண்டியை நிழலுக்கு வெளியே நிறுத்தி, நீண்ட கழி ஒன்றின் நுனியில் அறிவிப்பைக் கட்டி நீட்டினார்கள்.

சத்தம் கேட்டுக் கண்விழித்த கோலா, அறிவிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு ஓரத்தைக் கடித்துத் துப்பியது.

"இது ஆட்சேபணைதானே?" என்று ஹெட்லி வாதாடினார். விஷயம் சபையின் சட்டப் பிரிவுக்குப் போயிற்று. சட்டப் பிரிவு ஆழ்ந்து பரிசீலித்து, முழுத் தாளையும் தின்றிருந்தால் ஆட்சேபணை என்று கொள்ள இடமுண்டு, ஓரத்தைக் கடித்துத் துப்பியது அறிவிப்பு கிடைக்கப்பெற்றதற்கான அத்தாட்சி மட்டுமே என்று கருத்துத் தெரிவித்தது. அப்படியானால் கோலாவுக்குப் பதிலாகத் தானே எழுதிக் கொடுப்பதாக ஹெட்லி சொன்னார். கோலாவைக் காப்பாற்றுவது அவர் உத்தியோகம் என்பதால், கோலா விஷயத்தில் அவர் நடுநிலையானவர் அல்ல என்று அது நிராகரிக்கப்பட்டது. வரைபடத்தில் வெள்ளையாகவே கிடந்திருந்தால்கூட நாலு நாள் இழுத்தடித்திருக்கலாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

ஊரில் 'கோலா நண்பர்கள் சங்கம்' என்று ஒன்று இருந்தது. அதன் தலைவி க்வெண்டா மேப்பிள்பெக். எல்லாரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். சங்கத்தார் அத்தனை பேரும் கடல் தெரியும் 'கோலா ஹைட்ஸ்' மனையில் குடியிருப்பவர்கள். அந்த வருடம் கோலாக் காது வைத்த தலைப்பட்டை அணிவது ஊரில் மோஸ்தர். கடையில் காய்கறி வாங்குகிறவர்கள்கூடக் காதோடுதான் போனார்கள். சங்கத்தார் ஸ்கிரப்பி குன்றுக்குத் திரண்டு வந்தார்கள். குடும்பத்துக்கு இரண்டு கார், காருக்கு ஒரு நாய், நாய்க்குக் கோலா படம் பின்னிய ஸ்வெட்டர். கோலாவைக் கண்டால் நாய்கள் கடித்துக் குதறிவிடும் என்பதால் நாய்களைக் காரிலேயே விட்டார்கள். இவ்வளவு கார்களை நிறுத்த இடம் இல்லை. போராட்டக்காரர்களின் பாதுகாப்பை முன்னிட்டு சபை விரைந்து செயல்பட்டு, அடிவாரத்தில் ஒரு வரிசை மரங்களை அகற்றித் தற்காலிக வண்டி நிறுத்தம் அமைத்துக் கொடுத்தது. சங்கத்தார் நன்றி தெரிவித்தார்கள். கிளைவ் பெருந்தன்மையாக அடுப்பு கொண்டுவந்து அனைவருக்கும் சாசேஜ் வாட்டிக் கொடுத்தார்.

ஹெட்லி கூட்டத்தில் க்வெண்டாவைத் தேடிப் பிடித்தார்.

"க்வெண்டா, நீங்க எல்லாரும் சேந்து ஆட்சேபணை எழுதிக் கொடுத்தா சபை கேக்கும்."

"எழுதிக் கொடுத்துட்டோம் கண்ணு. கத்தை கத்தையா கொடுத்திருக்கோம்."

"என்னன்னு எழுதினீங்க?"

"இங்க மாடி வீடு வந்தா எங்க வீட்டுலேர்ந்து கடல் தெரியாதுன்னு."

"கோலா பத்தி?"

"அது தலைப்புல இருக்கே கண்ணு." க்வெண்டா அவர் தலையில் ஒரு ஜோடிக் காதை மாட்டிவிட்டார். "உனக்கு எடுப்பா இருக்கு. சாசேஜ் சாப்ட்டியா?"

விஷயம் சபைக் கூட்டத்துக்கு வந்தது. அன்றைக்கு எல்லாத் தரப்பும் விட்டுக்கொடுத்த பெருமை பிண்டாராவுக்கு உண்டு. வீடுகள் மாடி இல்லாமல் கட்டப்படும் என்று கிளைவ் ஒத்துக்கொண்டார்; கடல் பிழைத்தது. ஆட்சேபணைகள் வாபஸ் ஆயின. அகற்றப்படும் மரங்களுக்கு ஈடாக வேறொரு மாவட்டத்தில் கன்றுகள் நடப்படும். அவை வளர்ந்து பெரிதாகும்வரை கோலா பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படும். கோலா வசிக்கும் மரம் மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டப்படாது. அதைச் சுற்றிச் சாலைகள் வந்து கூடும். மரம் நடுவில் ரவுண்டானாவாக நிற்கும். ஓடும் வண்டி 'நிற்கும் வண்டி' ஆகாது என்பதால் விதிக்கும் பங்கமில்லை.

குன்று மொட்டையாயிற்று. இயந்திரங்கள் வந்து போன அன்று ஹெட்லி ஓரமாக நின்று பார்த்தார். மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தபோது மேலே அவள் கண் திறக்கவே இல்லை; குட்டிதான் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற கிளைவ் ஹெட்லியின் தோளில் தட்டினார்.

"மனசத் தேத்திக்கோ மாப்ளே. அவளோட மரத்துல ஒரு இலை கொட்டல பாரு. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேனா?"

"காப்பாத்திட்டீங்க."

"ரவுண்டானாவப் பாத்த மாதிரி இருக்கற வீடெல்லாம் மொதல்ல வித்துப்போச்சு. ஜன்னல்லேர்ந்தே கோலா பாக்கலாம்னு போட்டிருந்தேன். நீ கண்டுபிடிச்ச கோலாதான். நீ என் கம்பெனியில இருக்க வேண்டிய ஆளு."

அதன்பின் ஹெட்லி காலையில் அலுவலகத்துக்குச் சுற்றுவழியாகவே போனார். ஒவ்வொரு நாளும் மரத்தில் இலை குறைந்துகொண்டு வந்தது. முதலில் நுனிக் கிளை, பிறகு நடுக் கிளை. ஜன்னலிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கோலா இன்னும் தெளிவாகத் தெரிந்தது, வீட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஹெட்லி ஒருநாள் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்து தைலக் கிளைகளை ஒடித்துக்கொண்டுபோய் மரத்தடியில் ஊன்றினார். அதை யாரோ ஜன்னலிலிருந்து படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். மரத்துக்குக் கீழே உணவு வைப்பது கோலாவை இறங்கத் தூண்டும், இது அதன் சுயவிருப்பத்தில் தலையிடும் செயல், மேற்படி அலுவலர் எச்சரிக்கப்படுகிறார் என்று ஓலை வந்தது. எச்சரித்தவர் பெர்னீஸ். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, ஹெட்லி," என்றார் நடந்துகொண்டே.

ஒரு திங்கட்கிழமை காலை மரம் காலியாக இருந்தது.

ஹெட்லி வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி ஓடினார். சாலையோரமாக ஓடினார், வடிகால்களில் குனிந்து பார்த்தார். தூரத்தில் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் வெடித்த டயர். அதை அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவருக்கு. சுற்றிலும் வேலியும் கூரை ஓடும் புதுச் சிமெண்ட்டும்தான். முதுகில் பிள்ளையோடு எந்தப் பக்கம் போயிருப்பாள்? தான் அந்தப் புழுக்கை மூட்டையைச் சுமக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. அதற்குள் ரவுண்டானாவில் இயந்திர ரம்பத்தின் சத்தம் கேட்டது. மேற்படி கோலா தன் சுயவிருப்பத்தின் பேரில் இறங்கிச் சென்றுவிட்டது. இனி மரத்துக்கு விதி பொருந்தாது. கிளைவ் காத்திருப்பேன் என்று சொன்னார், காத்திருந்தார்.

ஹெட்லி செத்த முகத்தோடு அலுவலகம் போய்ச் சேர்ந்தார். அங்கே வண்டி நிறுத்துமிடத்தில் மொத்த அலுவலகமும் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தது.

நகரசபை வளாகத்தில் ஒரு மாபெரும் தைலமரம் நின்றது. ஊரிலேயே மிஞ்சியிருந்த பெரிய மரம் அதுதான். பிண்டாராவில் எத்தனையோ மரங்களை வெட்ட ஒப்புதல் கொடுத்த சபை இதை மட்டும் தொட்டதில்லை, ஏனென்றால் அதிகாரிகளின் கார்கள் அதன் நிழலில்தான் நின்றன. அதன் கவட்டில், வாய் நிறைய இலையோடு, அவள் உட்கார்ந்திருந்தாள். முதுகில் குட்டியும் பத்திரமாக இருந்தது.

ஹெட்லி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஹெட்லி," என்றார் பெர்னீஸ். நடைப்பட்டை இல்லாமல் அவர் நிற்பதே ஒரு மாதிரியாக இருந்தது. "இது எப்போ இறங்கும்?"

"அது அவ விருப்பம், பெர்னீஸ்."

"அதுவரைக்கும் காரெல்லாம்?"

"நிழலுக்குள்ள நிக்கக் கூடாது. மன்னிச்சுக்கோங்க," என்றார் ஹெட்லி. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் அந்த மன்னிப்பை அனுபவித்துக் கேட்டார்.

கார்கள் வெளியேறின. கோடை உச்சத்தில் இருந்தது. இயக்குநர் முதல் எழுத்தர்வரை எல்லாரும் வெட்டவெளிக் கிரிக்கெட் மைதானத்தில் வண்டியை விட்டுவிட்டு, சட்டை முதுகோடு ஒட்ட நடந்து வந்தார்கள். நடப்பது உடம்புக்கு நல்லது என்று இப்போது யாரும் சொல்லவில்லை. நூலகத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் வருகிறவர்களுக்கும் அதே நிறுத்துமிடம்தான் என்பதால் ஒரு வாரத்துக்குள் க்வெண்டா வந்துவிட்டார். தலையில் காது இல்லை. வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தார்.

"கோலாவுக்கு இது ஏத்த இடமே இல்ல கண்ணு. சத்தம், தூசி. பாவம், அது காட்டுல இருக்க வேண்டியது. சங்கமே கையெழுத்துப் போட்டிருக்கு."

"எந்தக் காட்டுல, க்வெண்டா?"

க்வெண்டா வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார். "எங்கயாவது பச்சையா இருக்கும்ல?"

"இருக்கு. வரைபடத்துல."

அதற்கடுத்து கிளைவ் வந்தார். நியாயம் கேட்டு வந்தார். "ஜன்னல்லேர்ந்து கோலா தெரியும்னு சொல்லி வீடு வித்திருக்கேன். வாங்கினவங்க தெனம் போன் போட்டுத் திட்டறாங்க. அத என் எடத்துக்கே திருப்பி அனுப்பு மாப்ளே."

"அங்க மரம் இல்லையே, கிளைவ்."

"மரம் இல்லேன்னா என்ன? போர்டு இருக்குல்ல?"

ஹெட்லி எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். விதியைக் காட்டினார். சபை கூடியது, ஆராய்ந்தது. ஸ்கிரப்பி குன்றுக்கு விதியை வளைத்தவர்களுக்கு இங்கே வளைக்க வழி தெரியவில்லை. ஏனெனில் வளைத்தால் பத்திரிகைக்காரர்கள் வாசலிலேயே நிற்பார்கள். மரத்தை வெட்டவும் முடியாது; வெட்டினால் நிழல் போய்விடும். இப்படியாக யாரும் காப்பாற்றாமலேயே ஒரு கோலா பிண்டாராவில் காப்பாற்றப்பட்டது.

கோடை நீண்டது. ஒரு மத்தியானம் ஹெட்லி கோலா பாதுகாப்பு பற்றிய ஒரு கூட்டத்துக்குக் கிளம்பினார். மைதானம்வரை நடந்து போய்க் காரைத் திறந்து ஸ்டீயரிங்கைத் தொட்டார். கை வெந்துவிட்டது. இருக்கையில் உட்கார்ந்தார், காலுறைக்கு மேலே இருந்த பகுதியும் வெந்தது. கூட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்ததால் வண்டி கொஞ்சம் ஆறட்டும் என்று திரும்ப வந்து மரநிழலில் நின்றார். அவருக்குப் பதவி உயர்வு வந்தபோது கார் நிறுத்தக் கொடுத்த இடம் அங்கேதான் இருந்தது. தரையில் அவர் பெயர் எழுதியிருந்தது. சில்லென்று, காலியாக, ஒரு கார் அளவுக்குச் சரியாகக் கிடந்தது.

அண்ணாந்து பார்த்தார். குட்டி நன்றாக வளர்ந்து தனிக் கிளையில் உட்கார்ந்திருந்தது. அவள் கொழுத்திருந்தாள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை தரையைப் பார்த்தார். சந்தோஷத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு நினைப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு பெரிய ஊரில் இவளுக்கு வேறு மரமே கிடைக்கவில்லையா?

ஹெட்லி சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை. காக்கை விரட்டுவதுபோல இரண்டு கையையும் மேலே தூக்கி, மெதுவாக ஒரு தட்டு தட்டினார்.

உடனே மேல்மாடியில் ஒரு ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு கைதட்டல் கேட்டது. அப்புறம் பக்கத்து ஜன்னலிலிருந்து. நூலகத்து வாசலிலிருந்து, தொப்பி போட்ட ஒரு அம்மாளிடமிருந்து. எல்லாரும் இத்தனை நாளாக யாருமில்லாத நேரம் பார்த்துத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள்போல. இப்போது துணை கிடைத்ததும் தைரியம் வந்து, வளாகம் முழுக்கப் படபடவென்று கைதட்டல் எழுந்தது.

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். கீழே நின்ற ஊரை ஒரு தடவை பார்த்தாள். பிண்டாரா தன்னைப் பாராட்டுகிறது என்று நினைத்திருக்க வேண்டும். இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டு தூங்கிப்போனாள்.